பூட்டிய வீட்டு வெந்நீர்

மொட்டை மாடியில் வெந்நீர்த் தொட்டியின் காலடியில் இருக்கும் பெரிய மீட்டரில், பொடிசாக ஒரு சிவப்பு முள் சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாக ஒன்றும் இல்லை. யாரோ குழாயை நூல் அளவுக்குத் திறந்துவிட்டு மறந்துபோன மாதிரி, ஆற அமரச் சுற்றியது. இசைவாணி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். மழைத்துளி கண்ணாடியில் விழுந்து வழிந்தது. சேலை முந்தியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். சுற்றத்தான் செய்தது.

சுற்றக் கூடாது. ஏனென்றால் கட்டடத்தில் ஆள் கிடையாது. தீபாவளி முடிந்த கையோடு சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளை இழுத்து மூடிவிடுவார்கள். முதலாளி வீட்டுக் குடும்பங்கள் கொடைக்கானலுக்கும் துபாய்க்கும் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடும். அவர்கள் திரும்பி வந்து பூசை போட்டுக் கம்பெனியைத் திறக்கிற வரைக்கும், விஸ்வநத்தம் ரோட்டில் இருக்கிற இந்தப் பொன்மலர் அடுக்ககத்தில் காக்கா குருவிதான் குடித்தனம். இருபத்துநாலு வீட்டுச் சாவியும் கீழே இசைவாணியின் அறையில் ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. வாட்ச்மேன் மொக்கைச்சாமி மச்சினன் வீட்டு விசேஷத்துக்கென்று தாயில்பட்டிக்குப் போனவர், மழையைச் சாக்காக வைத்து அங்கேயே தங்கிவிட்டார். மிச்சம் இருக்கிற ஒரே ஆள் இசைவாணி. அவளுடைய அறைக்கோ வெந்நீர் இணைப்பே கொடுக்கவில்லை.

வெயிலுக்குப் பேர்போன ஊரில் வெந்நீருக்கு இத்தனை ஏற்பாடா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இங்கே ஆழ்துளைத் தண்ணீரில் உப்பு அப்பிக் கிடக்கும். வீட்டுக்கு வீடு கீசர் மாட்டினால் ஆறு மாதத்தில் உள்ளே சுண்ணாம்பு கட்டிச் செத்துப்போகும். கம்பெனியிலிருந்து வரும் ஆம்பளைகளுக்கோ மேலெல்லாம் ஒட்டியிருக்கும் வெடிமருந்துத் தூள் போக வெந்நீர் இல்லாமல் முடியாது. அதனால் மாடியில் பொதுவாக சோலார் தகடு, மழை நாளுக்கு மின்சார பாய்லர், அங்கிருந்து வீட்டுக்கு வீடு குழாய், குழாய்க்கு ஒரு மீட்டர். மாதா மாதம் ஐந்தாம் தேதி இசைவாணி நோட்டும் பேனாவுமாக இருபத்துநாலு கதவையும் தட்டி, உள்ளே போய், அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற சின்ன பால்கனியில் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். அதை வைத்துத்தான் பில்.

செல்போன் அடித்தது. செயலாளர் வெள்ளைத்துரை அண்ணாச்சி. பிரின்டிங் பிரஸ் முதலாளி. குடும்பத்தோடு ஊட்டியில் இருந்தார்.

"ஏம்மா வாணி, ஊர்ல ஒரு ஈ காக்கா இல்ல, பாய்லர் ஓடுதுன்னு போன்ல காட்டுதே. எவன் குளிக்கான் அங்கன?"

"ஆளே இல்ல அண்ணாச்சி. நானும் இப்பந்தான் மாடில நின்னு பாக்கேன். பெரிய மீட்டரு சுத்துது."

"அப்ப எங்கயோ ஒழுகுது. ஒவ்வொரு வீடாத் தெறந்து மீட்டரப் பாரு. எது சுத்துதோ அதுல வால்வ அடைச்சிரு. பாக்காம குத்துமதிப்பா எதையும் சொல்லாத, என்ன?"

கடைசி வார்த்தையை அவர் சும்மாதான் சொன்னார். இசைவாணிக்கு அது வேறு மாதிரி கேட்டது.

"சரிங்க அண்ணாச்சி" என்றாள்.

மணி நாலரைதான் இருக்கும். ஆனாலும் வானம் சாம்பலைக் கரைத்து ஊற்றியது போல மங்கிவிட்டது. சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு முதல் மாடியிலிருந்து ஆரம்பித்தாள். ஆள் இல்லாத வீடுகளுக்கென்று ஒரு வாடை இருக்கிறது. மூடிய குளிர்பெட்டி, காய்ந்த சாமிப் பூ, தீபாவளிக்குச் சுட்ட முறுக்கின் எண்ணெய்ச் சிக்கு, சன்னல் ஓரத்தில் மிச்சம் வைத்த கம்பி மத்தாப்புப் பெட்டியிலிருந்து கசியும் மருந்து நெடி. எல்லாம் சேர்ந்து கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும். விளக்கைப் போடுவாள், அடுப்படியைத் தாண்டிப் பால்கனிக்குப் போவாள், மீட்டரின் கண்ணாடியில் டார்ச் அடிப்பாள். முள் நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு, யாரோ பின்னால் வருகிற மாதிரி முதுகு கூச, வேகமாகக் கதவைப் பூட்டுவாள்.

ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். அது அவளுடைய பழக்கம். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த பட்டாசு ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட் வெடித்ததில் இடது காது அடைத்துப்போனது. வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் நின்றுவிட்டன. அதற்கப்புறம் ஷெட் வாசலை மிதிக்கவே பயம். புருஷன் திருப்பூருக்கு வேலை தேடிப் போனவன், அங்கேயே வேறு ஒருத்தியோடு இருந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. இந்த வேலையும், மோட்டார் ரூமை ஒட்டிய அந்தப் பத்துக்கு எட்டு அறையும் போனால், அவளுக்கு மறுபடியும் அந்த ஷெட்டுதான். வேறு போக்கிடம் கிடையாது. அந்தப் பயத்தில்தான் அன்றைக்கு அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அன்றைக்கு என்பது போன ஐந்தாம் தேதி. வியாழக்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது.

இரண்டு மாடியும் முடிந்தது. பதினாறு வீடு. எதிலும் முள் அசையவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறினாள். எட்டில் ஏழு வீட்டைத் திறந்து பார்த்தாள். வேண்டுமென்றே வரிசையை மாற்றி, முந்நூற்று ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று போனாள். எல்லாம் நின்றிருந்தன.

முந்நூற்று நாலு மட்டும் பாக்கி.

அது அழகுமீனாவின் வீடு. மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகன் சரவணக்குமார் சென்னையில் இருந்தான். மாதத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் இசைவாணிதான். ஐந்தாம் தேதி காலையில் பெல் அடிக்கிறதுக்கு முன்னாலேயே கதவு திறந்திருக்கும். அடுப்பில் டீ கொதிக்கும். இரண்டு டம்ளர் எடுத்து வைத்திருப்பார்கள். பால்கனிக்குக் கூடவே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மீட்டருக்கும் நோட்டுக்குமாக மாறி மாறிப் பார்ப்பார்கள்.

"பாத்துத்தான் எழுதுனியா, வாணி?"

"பாத்துட்டேன் மீனாம்மா."

"எதுக்குக் கேக்கேன்னா, மீட்டர் பாக்கப் போறவதான் ஒரு வீட்டுக்குள்ள என்ன நடக்குன்னு அறிஞ்சவ. பாக்காம மட்டும் எழுதிராத." அப்புறம் சிரித்துக்கொண்டு, "ஒரு வாளி வெந்நி பிடிச்சிட்டுப் போ. நீ எழுதுற பில்லு, ஒனக்கே ஒரு சொட்டு கெடையாதுன்னா என்ன நாயம்?" என்பார்கள்.

அந்த வியாழக்கிழமை கதவு திறந்திருக்கவில்லை. டீ வாசனை இல்லை. இசைவாணி பெல்லை இரண்டு தடவை அடித்தாள். பதிலுக்கு உள்ளே எங்கேயோ குழாய் சத்தம் போட்டது. டங், டங், டங். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டங், டங், டங். வெந்நீர்க் குழாயில் காற்று புகுந்தால் இப்படித்தான் இடிக்கும். "ஏரு அடிக்குது போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கு அவசரம். ஊருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் தீபாவளிக்கு முன்னால் பில்லைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி கழுத்தில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். கதவு பூட்டு என்று நோட்டில் எழுதலாம்தான். ஆனால் அந்த மாதம் ஏற்கெனவே நாலு வீட்டுக்கு அப்படி எழுதிவிட்டாள். ஐந்தாவது எழுதினால், "வீடு வீடாப் போறியா, இல்ல கீழ ஒக்காந்து தூங்குறியா?" என்று அண்ணாச்சி சீட்டைக் கிழித்துவிடுவார். அதனால் போன மாத எண் நூற்று எண்பத்தாறோடு வழக்கமான இரண்டைக் கூட்டி, "நூத்தி எம்பத்தெட்டு" என்று வாய்விட்டுச் சொல்லி, பார்த்து எழுதியது போலவே எழுதினாள். அவளுடைய இடது செருப்பு வார் அறுந்து மத்தாப்புக் கம்பியால் கட்டியிருந்தது. சரக்... டிக். சரக்... டிக். அந்தச் சத்தத்தோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

தீபாவளிக்கு மறுநாள் திங்கட்கிழமை, முந்நூற்று நாலின் கதவுக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் வராந்தாவுக்கு வந்தது. போலீஸ் கதவை உடைத்தது. குளியலறையில் அம்மாள் விழுந்து கிடந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. குழாய் நூல் அளவுக்குத் திறந்து, வெந்நீர் ஓடிக்கொண்டே இருந்தது. கையில் பித்தளைச் செம்பு. செம்பின் ஒரு பக்கம் முழுக்க நெளிந்து போயிருந்தது.

அந்த நெளிசலை மற்றவர்கள் யாரும் ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை. இசைவாணி பார்த்தாள். பார்த்த அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று அடி, ஒரு இடைவெளி. மூன்று அடி, ஒரு இடைவெளி. காற்றுக்கு எண்ணத் தெரியாது.

அறை முழுக்க நாள்கணக்கில் வெந்நீர் ஆவி நிறைந்திருந்ததால், உயிர் எப்போது போனது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை என்றார் டாக்டர். கடைசியாக உயிரோடு பார்த்தது யார் என்று போலீஸ் கேட்டது. நோட்டில் இருந்தது. வியாழக்கிழமை, நூற்று எண்பத்தெட்டு. அண்ணாச்சி நோட்டைத் திருப்பிக் காட்டினார். எல்லோரும் இசைவாணியைப் பார்த்தார்கள்.

"நாந்தாங்க பாத்தேன்" என்றாள். "அம்மாதான் கதவத் தெறந்தாக. நல்லாத்தான் இருந்தாக."

அதை வைத்து, வெள்ளிக்கிழமை விழுந்திருப்பார்கள், தலையில் அடிபட்டு உடனே உயிர் போயிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். போலீஸ் மீட்டரைப் பார்க்கச் சொன்னபோது அது நூற்றுத் தொண்ணூறு காட்டியது. ஒழுகிய தண்ணீர்க் கணக்குக்கு அது சரியாக வந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கே இசைவாணி அந்த வீட்டு வால்வைத் தன் கையால் அடைத்தாள். அந்தச் செருப்பையும் கழற்றி ரோட்டோரக் குப்பையில் எறிந்தாள்.

இப்போது அந்தக் கதவுக்கு முன்னால், வெறுங்காலோடு நின்றாள். போலீஸ் உடைத்த இடத்தில் புதுப் பூட்டு பளபளத்தது. வராந்தாக் குழல்விளக்கு கண்ணைச் சிமிட்டியது. மழை சன்னல் தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. மற்ற இருபத்துமூன்றும் ஓடவில்லை என்றால் ஓடுவது இதுதான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சாவியைப் பூட்டில் வைக்கக் கை வரவில்லை.

நோட்டைப் பிரித்தாள். உள்ளே போகாமலே, "நூத்தித் தொண்ணூறு" என்று சொல்லி எழுதினாள். அண்ணாச்சிக்கு என்ன தெரியப்போகிறது? மாடியில் பெரிய வால்வையே அடைத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

எழுதி முடிக்கவும் போன் அடித்தது. கையிலிருந்து நோட்டு நழுவிவிட்டது. அடித்தது சரவணக்குமார்.

"அக்கா, நல்லாருக்கீகளா? சாப்பிட்டீகளா?"

"ஆச்சு தம்பி. சொல்லுங்க."

"நாளைக்கு அத்தைக்குப் பதினாறு. காலைல வந்துருவேன். வெள்ளிக்கிழமைன்னு வச்சுத்தான் நாள் எண்ணியிருக்கேன். அதான்..." என்று இழுத்தான். "ராத்திரியெல்லாம் தூக்கம் வரமாட்டேங்குது அக்கா. அத்தை கெடந்து கூப்பிட்டுருப்பாகளோன்னு ஒரே நெனப்பு. வியாழக்கெழம நீங்க பாக்கும்போது நல்லாத்தான இருந்தாக? நீங்க பாத்தீகள்ல?"

சொல்லிவிடலாம். இசைவாணியின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. நான் பாக்கல தம்பி, கதவு தெறக்கல, உள்ள தட்டுற சத்தம் கேட்டுச்சு, நான் காத்துன்னு நெனச்சிட்டுப் போயிட்டேன். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கே அறை போகும், வேலை போகும், போலீஸ் வரும். அந்தப் பையனும் ஆயுசுக்கும் தூங்க மாட்டான்.

"பாத்தேன் தம்பி" என்றாள். "டீ போட்டுக் குடுத்தாக. சிரிச்சிட்டுத்தான் நின்னாக."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அது போதும்க்கா. ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டான்.

குனிந்து நோட்டை எடுத்தாள். அப்போதுதான் கேட்டது.

டங். டங். டங்.

மெதுவாகத்தான். கதவுக்கு அந்தப் பக்கம், வெகு உள்ளே. அவள் வலது காதைப் பொத்திப் பார்த்தாள். சத்தம் குறையவில்லை. இடது காதைப் பொத்தினாள். நின்றுபோனது. கையை எடுத்தாள்.

டங். டங். டங்.

ஏழு வருஷமாக ஒன்றுமே கேட்காத காதில் அது கேட்டது.

ஓடியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் படிக்கட்டில் உருண்டு விழுந்தாவது ஓடியிருப்பார்கள். இசைவாணியின் காலும் திரும்பத்தான் செய்தது. ஆனால் பதினோரு நாளாக அவள் தூங்கியது ஏது? கண்ணை மூடினால் அந்தச் செம்பு. அன்றைக்கு ஒரே ஒரு தடவை கதவை இடித்துக் கூப்பிட்டிருந்தால், ஒரே ஒரு தடவை மொக்கைச்சாமியை அழைத்திருந்தால் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். மறுபடியும் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மறுபடியும் முதுகைக் காட்டிக்கொண்டு போவதா? அவளால் முடியவில்லை.

"வந்துட்டேன் மீனாம்மா" என்று வாய்க்குள் சொன்னாள். "இந்தா, தெறக்கேன்."

பூட்டு சுலபமாகத் திறந்துகொண்டது.

உள்ளே சூடாக இருந்தது. பதினோரு நாள் பூட்டிக்கிடந்த வீட்டில் அடைசல் வாடையே இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனை, மஞ்சள் சோப்பு வாசனை, ஆவி. கூடத்துச் சன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிந்தது. சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் அடுப்படிக்குப் போனாள். மேடையில் இரண்டு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. பால்கனிக் கதவைத் தள்ளினாள். அவள் கையால் அடைத்த வால்வு முழுக்கத் திறந்திருந்தது.

மீட்டரில் வெளிச்சம் அடித்தாள். கண்ணாடிக்கு உள்ளே ஆவி படர்ந்திருந்தது. போட்டோ எடுக்கத் தோதாகப் போனை வாஷிங் மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, முந்தியால் துடைத்தாள்.

நூற்று எண்பத்தேழு.

சிவப்பு முள் சுற்றிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை நூற்றுத் தொண்ணூறு. போலீசும் பார்த்தது. தண்ணீர் மீட்டர் முன்னால்தான் போகும். பின்னால் வர அதற்கு வழியே கிடையாது. நூற்று எண்பத்தாறு அக்டோபரில். நூற்றுத் தொண்ணூறு திங்கட்கிழமை. நடுவில் நூற்று எண்பத்தேழு என்றைக்கு? அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த வியாழக்கிழமை அவள் உள்ளே வந்து பார்த்திருந்தால், மீட்டர் இதைத்தான் காட்டியிருக்கும்.

டங். டங். டங்.

குளியலறை. பத்தடி தூரம்.

"மீனாம்மா?"

இடைவெளி. அப்புறம் டங் டங் டங் டங் என்று எண்ணிக்கையில்லாமல், வெறி பிடித்த மாதிரி. ஆள் வந்துவிட்டது என்று தெரிந்தவர்கள் தட்டுகிற மாதிரி.

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

ஒருவரும் இல்லை.

ஆவி. ஈரத் தரை. குழாயிலிருந்து நூல் அளவுக்கு வெந்நீர். அதற்கு அடியில் நெளிந்த பித்தளைச் செம்பு, அடி வாங்கிய அதிர்வு அடங்காமல், தரையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஆடி நின்றது.

குழாயை அடைக்க வேண்டும். அடைத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஒரு அடி வைத்தாள். சோப்புத் தண்ணீர். கால் வழுக்கியது. மடங்காத அந்த இரண்டு விரலால் எதையும் பிடிக்க முடியவில்லை. இடுப்புக்குள் காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் வலி வந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது கதவு சாத்தியிருந்தது. கால் அசையவில்லை. போன் பால்கனியில். முதுகுக்குக் கீழே வெந்நீர் ஓடியது. கத்தினாள். காற்றுதான் வந்தது. விலாவில் குத்தியது.

அப்போது வெளிச்சத்தைக் கவனித்தாள்.

மேலே இருந்த சின்னச் சன்னல் வழியாக மஞ்சளாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. மழைச் சத்தம் இல்லை. காலை வெயில். தூரத்தில் எங்கேயோ பிள்ளைகள் சரவெடி கொளுத்தினார்கள். படபடபடவென்று வெடித்து ஓய்ந்தது. கீழே லாரி ஒன்று தீபாவளி லோடு ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தது. ஆட்கள் பேசினார்கள். கட்டடம் முழுக்க ஆள்.

வராந்தாவில் யாரோ வந்தார்கள்.

சரக்... டிக்.

சரக்... டிக்.

அந்தச் செருப்பை அவள் எறிந்துவிட்டாள். மத்தாப்புக் கம்பி கட்டிய செருப்பு. குப்பையில் எறிந்துவிட்டாள்.

பெல் அடித்தது.

கை செம்பைத் தேடிப் பிடித்தது. குழாயில் அடித்தாள். டங். டங். டங். கை ஓய்ந்தது. மூச்சு வாங்கினாள். டங். டங். டங்.

மறுபடியும் பெல்.

உள்ள வா. கதவ இடி. யாரையாச்சும் கூப்பிடு. வாணி, உள்ள வாடி. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

டங். டங். டங்.

வெளியே ஒரு குரல். அலுத்துப்போன, அவசரத்தில் இருக்கிற குரல். தன் குரலை வெளியில் நின்று கேட்டால் இப்படித்தான் இருக்குமா?

"ஏரு அடிக்குது போல."

நோட்டுப் புரளுகிற சத்தம். பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம்.

"நூத்தி எம்பத்தெட்டு."

இல்ல. இல்ல. பாத்து எழுது. பாத்து எழுதுடி.

சரக்... டிக். சரக்... டிக். சரக்... டிக்.

அடுத்த வீட்டு பெல் அடித்தது. கதவு திறந்தது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் அந்தச் செருப்புச் சத்தம் வராந்தாக் கடைசிக்குப் போய், படியில் இறங்கி, ஒவ்வொரு படியாகக் குறைந்து, கேட்காமல் போனது.

சரவெடி மறுபடியும் வெடித்தது. அது ஓயும்வரை அவளால் அழக்கூட முடியவில்லை.

ஓய்ந்ததும், இடது காதுக்கு மிக அருகில், ஈரத்தில் ஊறிய ஒரு மூச்சு கேட்டது. மஞ்சள் சோப்பு வாசனை. அவளோடு அதே தரையில், அதே தண்ணீரில், முதுகுக்குப் பின்னால் ஒட்டினாற்போல யாரோ படுத்திருந்தார்கள். திரும்பிப் பார்க்க இடுப்பு விடவில்லை.

"நிறுத்தாத, வாணி" என்றது குரல். கோபமே இல்லை. டீ ஆற்றிக் கொடுக்கிற அதே குரல். "திங்கக்கெழமதான் கதவ ஒடைப்பாக. இன்னும் நாலு நாளு இருக்கு. நான் ஒத்தையில கெடந்தேன். ஒனக்குத் தொணைக்கு நான் இருக்கேம்லா."

சுருங்கி வெளுத்து, தண்ணீரில் ஊறிய ஒரு கை அவள் தோளுக்கு மேலாக நீண்டு வந்தது. செம்பைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் இறுகப் பதிந்து, அதைக் குழாய்க்குத் தூக்கியது.

டங்.

டங்.

டங்.